ஆகாயத்தோடு கோபம்

சங்கீதப் பித்துக் கொண்டவர்களை உலகம் மன்னித்து விடுகிறது. சீட்டாட்டப் பித்துக் கொண்டவர்களைக்கூட வீட்டார் நாளடைவில் மன்னித்து விடுகிறார்கள். ஆனால் நட்சத்திரப் பித்துப் பிடித்தவனை மன்னிப்பவர்கள் மிகக் குறைவு. நடு ராத்திரியில் மொட்டை மாடிக் கதவைக் கிறீச்சென்று திறந்து கொண்டு போகிறவனை எந்த வீட்டில்தான் பொறுத்துக் கொள்வார்கள்? அதிலும், போன கால்மணி நேரத்துக்கெல்லாம் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு திரும்பி வந்து, "மேகம்!" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்தால், பொறுமைக்குப் பெயர் போன மனைவிக்கும் கோபம் வரத்தானே செய்யும்?

நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். ராமநாதபுரத்தில் முப்பது வருஷ காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டரை அங்குல வாயுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் ஆகாயத்துக்கும் ஓயாத வழக்கு. அந்த வழக்கில் நான் தோற்ற கதையையும், தோற்றதனால் கற்றுக் கொண்ட ஒரு விஷயத்தையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் சீமை வறண்ட சீமை என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நட்சத்திரம் பார்க்கிறவனுக்கு இதைப் போன்ற செழிப்பான சீமை கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆகையால் துருவ நட்சத்திரம் வட அடிவானத்துக்கு மேல் ஒன்பது டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ராமேசுவரத்தின் வடகரையில் நின்று பார்த்தால், பாக் ஜலசந்தியில் போகும் ஏதோ ஒரு படகின் விளக்கு என்று சிலர் நினைத்து விடுவார்கள். தெற்கே திரும்பினாலோ, பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் பெரிய பெரிய வான சாஸ்திரிகள் தங்கள் ஊரில் ஆயுள் முழுவதும் காத்திருந்தாலும் காண முடியாத செல்வமெல்லாம் நமக்குக் கிடைக்கும். மாசி மாதத்து முன்னிரவில் அகஸ்தியர் நட்சத்திரம் தென் கடலுக்கு மேல் பளிச்சென்று எரியும். சித்திரை, வைகாசியில், திரிசங்கு என்று பெரியவர்கள் காட்டும் தென் சிலுவை நேர் எதிரே வந்து நிற்கும்.

இவ்வளவையும் கொடுத்த கடற்கரை, கூடவே தொல்லைகளையும் கொடுத்திருக்கிறது. உப்புக் காற்று கண்ணாடியில் படிந்து அதன் பூச்சை மங்க அடிக்கும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி எறியும். ஐப்பசி பிறந்தால் வாடை மழை. வருஷத்தின் பேர் போன எரிநட்சத்திர வீழ்ச்சிகளில் இரண்டு, நவம்பர் நடுவில் ஒன்றும் டிசம்பர் நடுவில் ஒன்றுமாக, அந்த மழைக் காலத்தில் பார்த்துத்தான் வரும். தண்ணீருக்காக மழையை வேண்டும் ஊரில் பிறந்துவிட்டு, எரிநட்சத்திரத்துக்காக மழை வேண்டாம் என்று நினைத்துக் கொண்டு மாடியில் நிற்பது எவ்வளவு வெட்கக் கேடு! ஆயினும் நின்றிருக்கிறேன்.

இப்படிச் சில்லறை ஏமாற்றங்கள் எத்தனையோ. நான் சொல்ல வந்தது பெரிய ஏமாற்றத்தைப் பற்றி.

சுக்கிரன் சில சமயம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் சரியாக வந்து விடுவதுண்டு. அப்போது சூரிய பிம்பத்தின் மேல் ஒரு கரும்புள்ளி மெல்ல ஊர்ந்து போகும். இதைச் சுக்கிரக் கடப்பு என்று சொல்லலாம். பார்வைக்கு அற்ப விஷயம். ஆனால் கிடைப்பதற்கு மகா துர்லபம். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை ஜோடியாக வரும். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வராது. 1761, 1769, அப்புறம் 1874, 1882, அதற்குப் பிறகு 2004, 2012. அடுத்தது 2117-ஆம் வருஷம் டிசம்பரில். இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் ஒன்றுகூட இல்லை. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து இந்தப் புள்ளியின் பிரயாணத்தைக் கவனித்து நேரத்தைக் குறித்தால், நமக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு விடலாம். சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்று இன்று பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மனனம் செய்யும் எண்ணுக்காக, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் கடல் கடந்து நாலா திசையிலும் போனார்கள்.

2004-ஆம் வருஷம் ஜூன் 8-ம் தேதி நம் நாட்டில் பட்டப்பகலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் அந்தக் காட்சி நடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அன்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தாயாரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திற்று. சூரியன் முகத்தில் சுக்கிரன் ஊர்ந்து கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். எழுந்து போய் வாசலில் நிற்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அம்மாவின் கை என் கையில் இருந்தது. அன்று மாலை என் மனத்தில் துளிக்கூட வருத்தம் இல்லை. "எட்டு வருஷம் கழித்து இன்னொன்று இருக்கிறது" என்று சொல்லிக் கொண்டேன். அவ்வளவுதான்.

இந்தச் சமாசாரத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

2010-ஆம் வருஷம் ஜனவரி 15-ம் தேதி, மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்து வந்த நாளில், எங்கள் கரைக்குக் கங்கண சூரிய கிரகணம் வந்தது. சந்திரன் சூரியனை முழுதும் மறைக்காமல், ஓரத்தில் ஒரு நெருப்பு வளையத்தை மிச்சம் வைக்கும் கிரகணம். இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் அந்த வளையம் 11 நிமிஷம் 8 விநாடி நின்றது. அவ்வளவு நீண்ட கங்கண கிரகணம் இனி மூவாயிரமாவது வருஷத்துக்குப் பிறகுதான் நிகழும். தனுஷ்கோடியில் 10 நிமிஷத்துக்குச் சற்று மேல் நின்றது. 1964-ஆம் வருஷத்துப் புயலில் அழிந்து போன அந்த ஊருக்கு அப்போது நல்ல பாதை கிடையாது. மணலில் வண்டி குலுங்கக் குலுங்கப் போய்ச் சேர்ந்தோம். பகல் ஒன்றேகால் மணிக்குமேல், வெயில் நிலவைப் போல வெளுத்து நின்ற கடற்கரையில், அந்த வளையத்தைக் கறுப்புக் காகிதக் கண்ணாடி வழியாகக் கண்ணாரக் கண்டேன்.

அந்தப் பாக்கியம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று முதல், ஆகாயம் எனக்கு ஏதோ கடன்பட்டிருப்பது போலவும், தவணை தவறாமல் செலுத்த வேண்டும் என்பது போலவும் எண்ணத் தொடங்கினேன்.

அடுத்த தவணை 2012-ஆம் வருஷம் ஜூன் 6-ம் தேதி. அன்று சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் அதன் மேல் இருப்பான். காலை பத்து மணி இருபது நிமிஷம் சுமாருக்கு விலகி விடுவான். தவறவிட்டால் நூற்றைந்து வருஷம். கீழ்த்திசையில் கடல் தடையில்லாமல் விரிந்திருக்கும் இடம் வேண்டுமென்று, முதல் நாளே ராமேசுவரத்திலுள்ள என் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். விடியுமுன் ஓலைக்குடாக் கரையில் கண்ணாடியை நிறுத்தினேன். அதன் வழியாகச் சூரியனை நேரே பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். கண்ணாடியிலிருந்து வரும் ஒளியை ஒரு வெள்ளை அட்டையில் விழச் செய்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். அட்டையைப் பிடித்துக் கொள்வதற்குத் தம்பி மகள் வந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தூக்கத்திலிருந்து எழுப்பியதற்கு அழாமல், தாவணி கட்டிய பெரிய மனுஷி போல் ஒரு துண்டைத் தோளில் போட்டுக் கொண்டு என் பின்னால் நடந்து வந்தாள்.

ஆறு மணிக்குச் சற்று முன் உதயம். அதாவது, பஞ்சாங்கத்தில் உதயம். அடிவானத்தில் ஒரு மேகத் திரை, யாரோ அளந்து கட்டியது போல, சூரியன் வரவேண்டிய இடத்தை மட்டும் மறைத்துக் கொண்டு கிடந்தது. தலைக்கு மேலே ஆகாயம் நீலமாகச் சிரித்தது. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. மேகம் சூரியனோடு கூடவே ஏறிற்று. வலை இழுக்க வந்த செம்படவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது கலையும், ஐயா. ஆனால் அவசரப்பட்டால் கலையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது பரிகாசமாகப் பட்டது.

ஏழரைக்கு மேல் மேகம் விலகத் தொடங்கியது. வெள்ளை அட்டையில் சூரிய பிம்பம் விழுந்தது; ஆனால் நிலைக்கவில்லை. கடற்காற்று அட்டையை ஆட்டியது. "அசையாமல் பிடி!" என்றேன். பிடித்தாள். மறுபடியும் ஆடியது. அப்போது நான் அந்தக் குழந்தையிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு வருஷம் காத்திருந்ததையும், ஒன்றரை மணி நேரமாக மேகம் செய்த கொடுமையையும், எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பத்து வயதுப் பெண்ணின் தலையில் கொட்டினேன் என்று மட்டும் சொல்கிறேன். அவள் பதில் பேசவில்லை. அட்டையை மணலில் மெதுவாக வைத்தாள். காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கல்லையும் வைத்தாள். பிறகு வீட்டை நோக்கி நடந்து விட்டாள்.

நான் ஒரு கையால் அட்டையையும் ஒரு கையால் குழாயையும் பிடித்துக் கொண்டு கூத்தாடினேன். முக்காலியின் ஒரு கால் மணலில் இறங்கியது. கண்ணாடி சரிந்து அங்கே கிடந்த படகின் விளிம்பில் மோதியது. கண் வைக்கும் பக்கத்து வில்லை இரண்டாகப் பிளந்தது.

அப்போது மணி எட்டுக்குள்தான் இருக்கும். சூரியன் நிர்மலமான வானத்தில் தகதகவென்று பிரகாசித்தது. சுக்கிரன் அதன் மேல் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கப் போகிறான். நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

அன்று இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண் என் படுக்கைக்கு அருகில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, ஒன்று சொன்னால் கோபித்துக் கொள்வீர்களா?"

"சொல்."

"சூரியனில் ஒரு மறு இருந்தது. நான் பார்த்தேன். கிரகணத்துக்கு வாங்கின காகிதக் கண்ணாடி உங்கள் பையில் இருந்ததல்லவா? நீங்கள் சொன்னபடி ஓட்டை இருக்கிறதா என்று விளக்கில் பார்த்துவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ஒன்பது மணி இருக்கும்."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கோபமாக இருந்தீர்கள்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். எப்பேர்ப்பட்ட மூடத்தனம்! சூரியன் மேல் தெரியும்போது சுக்கிரன், சூரியனின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு இருப்பான். நல்ல கண்ணுக்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடியே தேவையில்லை. கிரகணம் பார்க்கும் காகிதக் கண்ணாடி போதும். இதை நானே வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் காகிதக் கண்ணாடியை நானே பையில் எடுத்து வந்திருக்கிறேன். வில்லை உடைந்த மறு நிமிஷம் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கோபம் அதை மறைத்து விட்டது. காலையில் மேகம் என்னிடமிருந்து ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக் கொண்டது. மீதி இரண்டு மணி நேரத்தை எடுத்துக் கொண்டது நான். நூற்றைந்து வருஷத்துக்குத் திரும்பி வராத ஒரு விருந்தாளி வாசலில் நின்றபோது, உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் வந்திருக்கிறார் என்று சொல்ல ஒரு குழந்தைக்குத் தைரியம் இல்லாமல் செய்திருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக நான் வகுப்பில் சொல்லும் ஒரு பிரெஞ்சுக்காரர் கதை நினைவுக்கு வந்தது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பெயர் கியோம் லெ ஜந்தீல். 1761-ஆம் வருஷத்துச் சுக்கிரக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்த்துக் கணக்கிடுவதற்காக, 1760 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் யுத்தம். மொரீஷியஸில் பல மாதம் தங்கி, வேறு கப்பல் பிடித்து, மலையாளக் கரைக்கு அருகில் வந்து சேர்ந்தபோது, புதுச்சேரி அந்த ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. குறித்த நாளில் அவர் நடுச் சமுத்திரத்தில் இருந்தார். வானம் நிர்மலமாக இருந்தது, சுக்கிரனும் தெரிந்தான். ஆனால் ஆடுகிற கப்பலில் நின்று கொண்டு குறித்த நேரம் எந்தக் கணக்குக்கும் உதவாது.

மனிதர் வீடு திரும்பவில்லை. எட்டு வருஷந்தானே, இருந்து அடுத்ததையும் பார்த்துவிட்டே போகலாம் என்று தீர்மானித்தார். மடகாஸ்கர் கரையை அளந்தார், மணிலாவுக்குப் போனார், கடைசியில் 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அது மறுபடியும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்தது. இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். பழைய பகையாளிகளான சென்னை ஆங்கிலேயர்களே அவருக்கு நல்ல தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை அனுப்பினார்கள். 1769 மே மாதம் முழுவதும் காலை வேளைகள் தெளிவாக இருந்தன. முதல் நாள் இரவு கவர்னருக்கு வியாழனின் சந்திரர்களைக் காட்டினார். ஜூன் 4-ம் தேதி விடியற்காலையில் மேகம் வந்து மூடியது. காலை ஏழு மணி சுமாருக்குச் சுக்கிரன் சூரியனை விட்டு விலகும் நேரம். அது வரையில் மூடியிருந்தது. பிறகு வெயில் அடித்தது. அன்று பகல் முழுவதும் அடித்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது என்று பிற்பாடு அவருக்குத் தெரிய வந்தது.

பதினைந்து நாளுக்கு மேல் மனம் ஒடிந்து கிடந்ததாகவும், பேனாவை எடுக்கவே கை வரவில்லை என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். வியாதிப்பட்டு, புயல்களில் அகப்பட்டு, 1771 அக்டோபரில் சொந்த நாட்டை மிதித்தபோது, அவர் இறந்து விட்டார் என்று வாரிசுகள் சொத்தைப் பங்கு போடத் தயாராயிருந்தார்கள். விஞ்ஞான சபையில் அவருடைய ஸ்தானத்தையும் வேறொருவருக்குக் கொடுத்து விட்டார்கள். வகுப்பில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இதுதான். நானும் இந்த இடத்தில் கதையை நிறுத்தி விடுவது வழக்கம்.

உண்மையில் கதை இங்கே முடியவில்லை. நடுவில் நான் விழுங்கிவிட்ட பகுதி ஒன்றும் உண்டு. புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் லெ ஜந்தீல் தமிழர்களின் ஜோதிட கணிதத்தைக் கற்றார். ஒரு தமிழர் காகிதமும் பேனாவும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். 1765-ஆம் வருஷம் ஆகஸ்ட் 30-ம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணித்துப் பார்த்தபோது, கிரகண காலம் உண்மையைவிட 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அன்று சிறந்ததென்று போற்றப்பட்ட மாயர் என்பவரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் காட்டியது. இதையெல்லாம் அவர் ஊர் திரும்பியபின் இரண்டு பெரிய சம்புடங்களில் வெளியிட்டார். சபையில் தம் ஸ்தானத்தைத் திரும்பப் பெற்றார். விவாகம் செய்து கொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1792-ஆம் வருஷம் வரையில் வாழ்ந்தார். சுக்கிரனைக் கணக்கிட வந்தவர் சுக்கிரனைக் கணக்கிடவில்லை. ஆனால் நம் ஊர்ச் சோழிக் கணக்கு ஐரோப்பாவுக்குத் தெரிய வந்ததற்கு அவர் இங்கே காத்திருந்த காலமும் ஒரு காரணம்.

பதினைந்து நாள் பேனாவைத் தொடாத மனிதர், பதினாறாவது நாளோ இருபதாவது நாளோ தொட்டாரே, அதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதேயில்லை.

இப்போது 2004-ஆம் வருஷத்துச் சமாசாரத்துக்குத் திரும்பி வருகிறேன். அந்தத் தடவையும் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் பார்க்கவில்லை. நஷ்டம் இரண்டு தடவையும் ஒன்றேதான். முதல் தடவை மனம் குளம் போல் இருந்தது; இரண்டாம் தடவை கொதித்தது. காரணம் என்ன? அடுத்தது ஒன்று இருக்கிறது என்ற ஆறுதல் ஓரளவு உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஆகாயம் எனக்கு ஏதாவது தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓலைக்குடாக் கரையில் நின்றபோது, பத்திரத்தைக் கையில் வைத்துக் கொண்டு வட்டி கேட்க வந்தவன் போல நின்றேன். கணிதம் நமக்கு வாக்குக் கொடுத்திருப்பது உண்மை: இன்ன நாளில் இன்ன நிமிஷத்தில் சுக்கிரன் அங்கே இருப்பான் என்று. அந்த வாக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை; அன்றும் பொய்க்கவில்லை. ஆனால் மேகம் ஒருவருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொண்டதுதான் என் தப்பு. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் செய்யக் கூடிய தப்பா அது!

இன்னொன்று. ஆகாயத்தின் மேல் கோபித்துக் கொள்ள யாராலும் முடியாது. அது எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஆகையால் அந்தக் கோபம் எப்போதும் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும். மாடிக் கதவுச் சத்தத்தில் விழித்துக் கொண்ட மனைவி, அட்டையைப் பிடிக்க வந்த குழந்தை, நல்லெண்ணத்தோடு ஒரு வார்த்தை சொன்ன செம்படவர், இவர்கள்தான் அகப்படுவார்கள்.

மறுநாள் காலையில், குறிப்புப் புத்தகத்தை எடுத்து அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். அவள் பார்த்ததைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். மறு எந்தப் பக்கம் இருந்தது, ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், உருண்டையாக இருந்ததா, ஆடியதா என்றெல்லாம். அவள் ஒரு வட்டம் போட்டுப் புள்ளி வைத்துக் காட்டினாள். கீழே பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். உதவியாளர் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். உதவி ஒன்றும் செய்யாததால் எழுதவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, பெரியப்பா" என்றாள். அந்தச் "சரி" முழுச் சரியாக ஆவதற்குப் பல மாதங்கள் ஆயின.

அது முதல் சில ஏற்பாடுகளை அனுசரித்து வருகிறேன். நேயர்களில் என்னைப் போன்ற பித்தர்கள் இருந்தால் அவர்களுக்கு உபயோகப்படலாம். மேகம் மூடிய இரவையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்; எந்தத் திசையிலிருந்து காற்று, எத்தனை மணிக்கு மூடியது, கலைந்ததா என்று. இப்படி எழுதத் தொடங்கிய பிறகு, மூடிய இரவு வீணான இரவு என்ற எண்ணம் குறைந்து விட்டது. இரண்டாவதாக, எந்தக் காட்சிக்குப் போனாலும் பெரிய கருவியோடு ஓர் எளிய வழியையும் எடுத்துக் கொண்டு போகிறேன். அது பையில் இருக்கிறது என்று கிளம்பும்போதே கூட வருகிறவர்களிடம் சொல்லி வைக்கிறேன். மூன்றாவதாக, கருவி சரியாக நின்றதும் முதல் பார்வை என்னுடையதல்ல. கூட வந்தவர்களில் வயதில் சிறியவருக்கு. அதற்குள் மேகம் வந்து விட்டால், ஒருவராவது பார்த்தாயிற்று.

இந்த ஏற்பாடுகளுக்கு 2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி பரீட்சை வந்தது. அன்றைய கங்கண கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி வழியாகப் போனது. அந்தப் பெண்ணையும் அழைத்துக் கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். வளையம் சுமார் மூன்று நிமிஷந்தான் நிற்கும். மேகமோ வந்து வந்து போய்க் கொண்டிருந்தது. நான் அண்ணாந்து காத்துக் கொண்டிருந்தபோது, ஏதோ உறுத்திற்று. திரும்பினேன். பதினேழு வயதான அந்தப் பெண், சூரியனைப் பார்ப்பதை விட்டு என் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள். ஏழு வருஷம் கழித்தும் அவளுக்கு அந்தப் பயம் இருந்தது.

"மேலே பார், அம்மா. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றேன்.

அவள் மேலே பார்த்தாள். மேக இடுக்கில் வளையம் ஒரு தடவை முழுதாகத் தெரிந்தது. அவள் கூவினாள். நான் பார்ப்பதற்குள் பாதி மூடிவிட்டது. எனக்குக் கிடைத்த பாதி போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஓயாமல் பேசிக் கொண்டே வந்தாள்.

இப்போது எனக்கு வயதாகி விட்டது. கண்ணில் புரை நீக்கிச் செயற்கை வில்லை வைத்திருக்கிறார்கள். 2031-ஆம் வருஷம் மே 21-ம் தேதி இன்னொரு கங்கண கிரகணம் இருக்கிறது. கொச்சி, தேனி, மதுரை, எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள இளையான்குடி, அப்புறம் காரைக்குடி, வேதாரண்யம் வழியாக அதன் பாதை. கணிதம் கொடுத்த வாக்கு, தவறாது. மேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பழைய கண்ணாடிக்குப் புது வில்லை வாங்கி மாட்டியாயிற்று. வெள்ளை அட்டையும் அதே அட்டைதான். ஒரு மூலையில் கல் வைத்த தழும்பு இருக்கிறது. சென்ற தடவை அந்தப் பெண் வீட்டுக்கு வந்திருந்தபோது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை நீங்கள் பிடியுங்கள், பெரியப்பா, நான் கண்ணாடியைப் பார்த்துக் கொள்கிறேன்" என்றாள்.

காற்றில் ஆடாமல் பிடிக்க வேண்டும். பழகிக் கொண்டிருக்கிறேன்.